பழைய காரில் உடலோடு மட்டமாகக் கண்ணாடி பதித்தல்

1960-களின் அமெரிக்கக் கார்களில் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் உடல் தகட்டைவிடச் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். கண்ணாடியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் ஓடும். அதை மூடியபடி பளபளப்பான எவர்சில்வர் பட்டை ஒன்று வளைந்து செல்லும். தொழிற்சாலைக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு. திறப்பின் அளவு காருக்குக் கார் சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும், கண்ணாடி சற்றுக் கோணலாக உட்கார்ந்தாலும், பட்டை எல்லாவற்றையும் மறைத்துவிடும். மட்டமாகப் பதிப்பது என்றால் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, பள்ளத்தின் அடியை உயர்த்தி, திறப்பைக் குறுக்கி, கண்ணாடியின் முகமும் கூரைத் தகட்டின் முகமும் ஒரே பரப்பாக ஓடும்படி செய்வது. பட்டை இதுவரை மறைத்துவைத்த பிழைகள் அத்தனையும் அப்போது வெளியே தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

கண்ணாடி வேலை என்று சொன்னாலும் இது டிங்கர் வேலை. கண்ணாடி வளைந்து கொடுக்காது. விட்டுக்கொடுக்க வேண்டியது தகடுதான். கண்ணாடி ஒட்டும் நாளில் செய்வதற்கு அதிகம் இருக்காது. நல்லதோ கெட்டதோ, முடிவு பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடும்.

இங்கே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் கார் 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவர்லே கமாரோ. இந்த மாற்றம் அடிக்கடி செய்யப்படும் கார்களில் இது ஒன்று. முன்னால் லாமினேட்டட் கண்ணாடி, பின்னால் டெம்பர்டு கண்ணாடி என இரண்டு வகையும் இதில் இருப்பதால், மற்றக் கார்களுக்கும் இதே முறையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடியின் குணம்

லாமினேட்டட் கண்ணாடி இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்தி ஒட்டியது. பாலிவினைல் பியூட்டைரால் ஆன அந்தப் படலம் வழக்கமாக 0.76 மி.மீ. தடிப்பு. மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 6 மி.மீ. இதன் விளிம்பைத் தண்ணீர் விட்டுக்கொண்டே எமரி பெல்ட்டில் தேய்க்கலாம். இரு தாள்களையும் தனித்தனியே கீறி உடைத்து, நடுப் படலத்தை இளஞ்சூட்டில் இளக்கி அறுக்கலாம். அனுபவம் உள்ள கை என்றால் ஓரத்தில் சில மில்லிமீட்டரைப் பாதுகாப்பாகக் குறைத்துவிடும்.

டெம்பர்டு கண்ணாடியை அப்படித் தொட முடியாது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக ஊதிக் குளிர்வித்த கண்ணாடி அது. அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக நிற்கும். வலிமை அங்கிருந்துதான் வருகிறது. ஓரத்தைக் கீறி அந்தச் சமநிலையைக் குலைத்தால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். எனவே முன்பக்கம் சிக்கல் வந்தால் கண்ணாடியைக் கொஞ்சம் குறைத்துத் தப்பிக்க வழி உண்டு. பின்பக்கம் அந்த வழியே கிடையாது. இரண்டையும் செய்யப்போகும் பட்டறை பின்பக்கத்தைத் திட்டமிடும்போது கூடுதல் நேரம் ஒதுக்கவேண்டும்.

கண்ணாடியை முதலிலேயே வாங்கிவிடவேண்டும். பழைய கார்களுக்கு இன்று கிடைக்கும் மறுதயாரிப்புக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதில்லை. ஒரு தயாரிப்பாளரின் கண்ணாடியில் மூலை சற்றுத் தூக்கியிருக்கும். இன்னொருவருடையதில் நடு வளைவு தட்டையாக இருக்கும். எவர்சில்வர் பட்டை இருந்தவரை இது யாருக்கும் பொருட்டில்லை. மட்டப் பதிப்பில் 2 மி.மீ. வித்தியாசம்கூடத் தூரத்திலிருந்தே கண்ணில் படும். எந்தக் கண்ணாடி காரில் இருக்கப்போகிறதோ அதை வைத்துத்தான் தகட்டை வெட்டவேண்டும். பணம் இடம் கொடுத்தால் முன்கண்ணாடி இரண்டு, ஒரே தயாரிப்பாளரிடம், ஒரே தடவையில் வாங்கிவைப்பது நல்லது. சாலையில் கல் தெறித்து உடைவது பெரும்பாலும் முன்கண்ணாடிதான்.

வாங்கும்போதே கறுப்பு ஓரப்பட்டை உள்ள கண்ணாடி கிடைக்குமா என்று விசாரிக்கவேண்டும். இன்றைய கார்களின் கண்ணாடி ஓரத்தில் சுட்டுப் பதித்த கறுப்புப் பட்டை அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. கண்ணாடியை உடலோடு பிடித்திருக்கும் யூரித்தேன் பசை வெயிலின் புறஊதாக் கதிரில் மெல்ல மெல்லச் செத்துப்போகும். கறுப்புப் பட்டை அந்த வெயிலைத் தடுக்கிறது. பசை வரியையும் கண்ணில் படாமல் மறைக்கிறது. 1960-களின் கண்ணாடிக்கு அது கிடையாது, ஏனென்றால் அந்த வேலையை எவர்சில்வர் பட்டை செய்தது. சுட்டுப் பதித்த ஓரம் கிடைக்காவிட்டால், பசை நிறுவனமே தரும் கறுப்புக் கண்ணாடி பிரைமரை உட்புற ஓரத்தில் 25 முதல் 35 மி.மீ. அகலத்துக்கு, மாஸ்கிங் டேப் ஒட்டி நேர்விளிம்பாகப் பூசிக்கொள்ளலாம். சாதாரண கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது பெரிய தவறு. பசை பெயின்ட்டைப் பிடிக்கும். ஆனால் பெயின்ட் கண்ணாடியைப் பிடிக்காது.

கண்ணாடி மூலையில் உள்ள தர முத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் தேய்த்து அழிக்கக்கூடாது. அமெரிக்கக் கண்ணாடியில் முன்பக்கத்துக்கு ஏ.எஸ். 1 என்ற குறி இருக்கவேண்டும்.

எப்போது தொடங்குவது

கதவுகள் மாட்டி, அவற்றின் இடைவெளிகள் சரிபார்த்து, துருப்பிடித்த தகடுகளை மாற்றி முடித்த பிறகு, ஆனால் கடைசி பட்டி பார்ப்பதற்கு முன்பு: இந்த வேலைக்குரிய இடம் அதுதான். இதற்கு முன்னே ஆரம்பித்தால் கதவைச் சரிசெய்யும்போது முன்தூண் நகர்ந்து எல்லாம் வீணாகும்.

கார் தன் சக்கரங்களின் மேல், கூடியவரை முழு எடையோடு நிற்கவேண்டும். சுழலும் சட்டத்தில் மாட்டி வைத்த உடலில் திறப்பின் வடிவம் வேறு. எஞ்சின் ஏறி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது வேறு. சந்தேகம் இருந்தால் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் இரண்டு நிலைகளிலும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். கன்வர்ட்டிபிள் வண்டிகளில் கூரை இல்லாததால் உடல் அதிகமாக முறுக்கும். அவற்றின் அடிச்சட்டத்தைப் பலப்படுத்தாமல் மட்டப் பதிப்பில் இறங்குவது கண்ணாடியை உடைக்கத் திட்டம் போடுவதற்குச் சமம்.

பழைய கண்ணாடியையும் பட்டையையும் கழற்றியதும் பள்ளத்தை வெறுந்தகடு தெரியும்வரை சுத்தம் செய்யவேண்டும். பட்டையின் கிளிப்புகளைத் தாங்கிய சிறு ஆணிகள் பள்ளத்தில் வரிசையாக நிற்கும். அவற்றைத் தேய்த்து நீக்கிவிடலாம். கீழ் மூலைகளை ஊசிமுனைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவசியம். பட்டைக்கு அடியில் வருடக்கணக்கில் தேங்கிய தண்ணீர் அங்கே தகட்டைச் சல்லடையாக்கியிருக்கும். கமாரோவில் பின்கண்ணாடியின் கீழ் ஓரம் இதற்குப் பேர்போனது. துருவின்மேல் பட்டி வைத்து மூடி அதன்மேல் கண்ணாடியை ஒட்டினால், சில மழைக்காலத்துக்குப் பிறகு பசை பிடித்திருக்கும் தகடே பெயர்ந்து வரும்.

அச்சு எடுத்தல்

தகட்டு வேலையை உண்மையான கண்ணாடியை இடத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடாது. வெல்டிங் பொறி கண்ணாடியில் விழுந்தால் உருகி ஒட்டிப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். எந்தப் பாலிஷும் அதை எடுக்காது. ஈரத் துணி போர்த்திச் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஒரே ஒரு பொறி துணியின் மடிப்பில் நுழைந்தால் போதும், கண்ணாடியின் விலை போய்விடும்.

அதற்குப் பதிலாகக் கண்ணாடியின் வெளிமுகத்தில் மெழுகு பூசி, அதன்மேல் மூன்று நான்கு அடுக்கு ஃபைபர்கிளாஸ் மேட்டை ரெசினோடு படிய வைத்து ஒரு நகல் அச்சு எடுத்துக்கொள்ளலாம். ரெசின் இறுகியபின், கழற்றுவதற்கு முன்பே, முதுகுப்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களை ஒட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் அச்சு தன் இஷ்டத்துக்கு வளையும். அச்சின் ஓரத்தையும் கண்ணாடியின் மேலே இருக்கும்போதே கண்ணாடி விளிம்புக்குச் சரியாகக் குறித்து, கழற்றிய பிறகு வெட்டித் தேய்க்கவேண்டும்.

இந்த அச்சில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடியின் வெளிமுகத்தைத் தொட்டு உருவானது அச்சின் அடிப்பரப்பு. ஆகவே அச்சைத் திறப்பில் வைக்கும்போது பசையின் தடிப்பையும் கண்ணாடியின் தடிப்பையும் சேர்த்த உயரத்துக்குக் கட்டைகளை அடியில் கொடுக்கவேண்டும். பசை 5.5 மி.மீ., கண்ணாடி 6 மி.மீ. என்றால் கட்டை 11.5 மி.மீ. அப்போது அச்சின் அடிப்பரப்பு நிற்கும் இடம்தான் நாளை கண்ணாடியின் முகம் நிற்கப்போகும் இடம். மேல்பரப்பைப் பார்த்து அளவெடுத்தால் அச்சின் தடிப்பு முழுதும் பிழையாக ஏறும்.

ஃபிளாஞ்சை உயர்த்துதல்

கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பான ஃபிளாஞ்ச் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. திறப்பின் குறுக்கே ஒரு நேர்கோலை உடல் தகட்டின்மேல் வைத்து, சுற்றிலும் ஒவ்வொரு 10 செ.மீ.-க்கும் ஆழத்தை அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவைப்பது வழக்கம். கண்ணாடி முகம் உடலைவிட அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது. தாழ்வு கண்ணுக்குத் தெரியாது, மேடு உடனே தெரியும். ஒரு இடத்தில் ஆழம் 19 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தேவையான ஆழம் 12 மி.மீ.; அங்கே ஃபிளாஞ்ச் 7 மி.மீ. உயரவேண்டும். அடுத்த 10 செ.மீ.-இல் அது 5 ஆகலாம், மூலையில் 9 ஆகலாம்.

இந்த 7 மி.மீ.-ஐப் பசையாலேயே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். கூடாது. 12.5 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் பசை வரி இறுகுவதற்குள் கண்ணாடியின் எடையில் சரியும். இறுகிய பிறகும் ரப்பர் மெத்தை போல ஆடிக்கொண்டிருக்கும். விபத்தில் முன்கண்ணாடி சட்டகத்தை விட்டுக் கழன்றுவிடக்கூடாது. மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில் அது தன் இடத்தில் நிற்கவேண்டும் என்பதற்கென்றே அமெரிக்காவில் 212-ஆம் எண் கொண்ட பாதுகாப்பு விதி இருக்கிறது. உயரத்தைக் கூட்டும் வேலையை எஃகால்தான் செய்யவேண்டும்.

நல்ல முறை, 1 மி.மீ. தகட்டை ‘ட’ வடிவில் மடக்கி, ஷ்ரிங்கர், ஸ்ட்ரெச்சர் கருவிகளால் திறப்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பழைய ஃபிளாஞ்சின்மேல் புதிய படியாக வெல்டு செய்வது. சதுரக் கம்பியை அப்படியே வைத்துப் பற்றவைக்கிறவர்களும் உண்டு. அது வேகமாக முடியும். ஆனால் கம்பி ஒரே உயரம் என்பதால் மாறிக்கொண்டே போகும் ஆழத்துக்கு ஈடுகொடுக்காது. புதிய படியின் அகலம் 15 மி.மீ.-க்குக் குறையக்கூடாது. அழுந்திய பசை வரி 12 மி.மீ. அகலத்துக்குப் பரவும் என்பதால் இந்தக் கணக்கு. பழைய ஃபிளாஞ்சுக்கும் புதிய படிக்கும் நடுவே உருவாகும் மூடிய பொந்தில், வெல்டிங்குக்கு முன் வெல்டிங் தாங்கும் பிரைமரும், எல்லாம் முடிந்த பின் உட்குழி மெழுகும் செலுத்தவேண்டும். இதை விட்டால் பழைய துரு புதிய வீட்டில் குடியேறும்.

அச்சை வைத்து ஒவ்வொரு மூலையையும் அழுத்திப் பார்க்கவேண்டும். ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை தூக்கக்கூடாது. தூக்கினால், எங்கே தட்டுகிறது என்பதை ஃபிளாஞ்சில் மார்க்கர் மை பூசிக் கண்டுபிடித்து அங்கே தகட்டை இறக்கவேண்டும். பிறகு உண்மையான கண்ணாடியை ரப்பர் கட்டைகளின்மேல் வைத்து இதே சோதனையை மறுபடி செய்யவேண்டும். ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் உட்காருகிறது என்கிற கண்ணாடி, வெயிலும் குண்டும் குழியுமான சாலையும் சேர்ந்த ஏதோ ஒரு நாளில் தானாகவே விரியும்.

ஃபிளாஞ்ச் உயரும்போது காரின் மற்ற பாகங்களும் மாறும். வைப்பர் கையின் கோணம் குறைந்து அதன் அழுத்தம் மாறும். உள்ளே முன்தூண் மூடிகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரியும். டாஷ்போர்டின் மேல் ஓரம் கண்ணாடியிலிருந்து விலகும். பானெட்டைத் திறக்கும்போது அதன் பின்விளிம்பு கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்றும் பார்க்கவேண்டும். இவற்றையெல்லாம் வெறுந்தகடாக இருக்கும்போதே மாட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

சுற்று இடைவெளி

உயரம் முடிந்த பிறகுதான் இடைவெளி. வரிசையை மாற்றக்கூடாது. திறப்பின் பக்கங்கள் சாய்வாக இருப்பதால், கண்ணாடி மேலே வரவர அதன் விளிம்புக்கும் தகட்டுக்கும் உள்ள தூரமும் மாறிக்கொண்டே வரும்.

கமாரோவில் பட்டையை எடுத்ததும் கண்ணாடியைச் சுற்றி 10 மி.மீ.-க்கும் மேலான வெற்றிடம் தெரியும். இதை 4 அல்லது 5 மி.மீ.-ஆகக் குறைப்பதே இலக்கு. பரவலான வழி, தகட்டு விளிம்பை ஒட்டி 5 மி.மீ. உருட்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைப்பது. கம்பி இயல்பாகவே உருண்ட ஓரத்தைத் தந்துவிடும். பெயின்ட் அந்த ஓரத்தில் மெலியாமல் நன்றாகப் பிடிக்கும். இன்னும் அதிகம் மூடவேண்டிய இடங்களில் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய தகட்டு நாடா கொடுக்கலாம்.

இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு அழகு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது உண்மையல்ல. சுற்றிலும் ஒரே சீராக ஓடும் 5 மி.மீ., ஓரிடத்தில் 2, ஓரிடத்தில் 4 என்று ஓடும் இடைவெளியைவிடப் பார்க்கவும் நன்றாக இருக்கும், பாதுகாப்பும்கூட. குறைந்தபட்ச இடைவெளிக்குச் சூட்டில் விரிவதைக் காரணமாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது மிகச் சிறியது: 1.4 மீட்டர் அகலத்தில் 50 டிகிரி வெப்பம் ஏறினால் எஃகு சுமார் 0.84 மி.மீ. நீளும், கண்ணாடி சுமார் 0.63 மி.மீ.; வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. உண்மையான காரணம் உடலின் முறுக்கம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது திறப்பு சாய்சதுரமாக நெளியும், கண்ணாடி நெளியாது. அந்த அசைவைப் பசையும் இடைவெளியும்தான் வாங்கிக்கொள்கின்றன. 3 மி.மீ.-க்குக் கீழே இறங்குவது வீண் துணிச்சல்.

கூரைத் தகட்டின் தடிப்பு 1 மி.மீ.-க்கும் குறைவு. அதில் நீளமாக வெல்டு இழுத்தால் கூரையின் முன் ஓரம் அலையலையாக நெளிந்துவிடும். 25 மி.மீ.-க்கு ஒரு டாக் (புள்ளி வெல்டு) வீதம், இங்கே ஒன்று, எதிர்முனையில் ஒன்று என்று தாவித் தாவி வைத்து, ஒவ்வொன்றும் கையால் தொடும் சூட்டுக்கு ஆறிய பின் அடுத்ததற்குப் போகவேண்டும். டிக் வெல்டிங் தெரிந்தவர் என்றால் அதுவே மேல். அதன் வெல்டு மென்மையானது, சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம். மிக் வெல்டு கடினம். கிரைண்டர் அதிகம் ஓடவேண்டியிருக்கும், அதனால் மறுபடி சூடு ஏறும். அவசரப்பட்ட வெல்டரின் ஒரு மணி நேர வேலையைச் சரிசெய்யப் பட்டிக்காரருக்கு ஒரு வாரம் பிடிக்கலாம்.

கம்பியின் வெளிப்புறத்தில் மெல்லிய பட்டி பரவாயில்லை. பசை விழும் ஃபிளாஞ்சின் மேல் பட்டி கூடவே கூடாது. அங்கே வெறும் எஃகு, அதன்மேல் எப்பாக்ஸி பிரைமர், அவ்வளவுதான்.

பெயின்ட்

இடைவெளியின் சுவர்களில் காரின் நிறமும் கிளியர் கோட்டும் வரவேண்டும், அடியில் கறுப்பு. பசை விழும் 15 மி.மீ. தடத்தை மட்டும் பிரைமர் அடித்தபின் டேப் ஒட்டி மூடிவிட்டு மற்றதற்குப் பெயின்ட் அடிக்கவேண்டும். பசை கிளியர் கோட்டின்மேல் நன்றாகவே ஒட்டும். ஆனால் கண்ணாடியின் மொத்தப் பிடிமானமும் பெயின்ட் அடுக்குகளின் ஒட்டுதலை நம்பி நிற்கும். எந்த பிரைமர் தங்கள் பசைக்கு ஏற்றது என்பதைப் பசை நிறுவனங்கள் தங்கள் தகவல் தாளில் அச்சிட்டுத் தருகின்றன. அதைப் படிக்காமல் பிரைமரைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. பெயின்ட் முழுதாக இறுகுவதற்கு முன் கண்ணாடி ஒட்டுவதும் ஆபத்து. உள்ளே சிக்கிய தின்னர் பசையின் அடியில் வெளியேற வழி தேடும்.

ஒட்டுதல்

பயன்படுத்த வேண்டியது கார் கண்ணாடிக்கென்றே செய்த யூரித்தேன் பசை. சிக்காஃப்ளெக்ஸ், பீட்டாசீல் போன்ற பெயர்களில் வருவது. வீட்டு சிலிக்கான் எதற்கும் உதவாது. குழாயின் காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்கவேண்டும். பழைய குழாயில் பசை உள்ளேயே பாதி இறுகியிருக்கும். இதில் ஐசோசயனேட் இருப்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

எவ்வளவு பசை தேவை என்பதைக் கணக்கிட்டுவிடலாம். முனையில் முக்கோண வெட்டு உள்ள நாசிலிலிருந்து வரும் வரி அடியில் 10 மி.மீ., உயரம் 13 மி.மீ. என்றால் குறுக்குப் பரப்பு 65 சதுர மி.மீ. சுற்றளவு 4 மீட்டர் என்றால் 260 மி.லி. வரும். ஒரு குழாய் 300 மி.லி. அளவில் இருக்கும் என்பதால் ஒட்ட ஒன்று போதும். இடைவெளியை நிரப்ப இன்னொன்று வேண்டும். பாதியில் தீர்ந்துபோனால் கடைக்கு ஓட நேரம் இருக்காது. கையில் மூன்று இருக்கட்டும்.

முதலில் பசையில்லாமல் ஒத்திகை. கீழ் ஓரத்தில் இரண்டு ரப்பர் கட்டைகள் கண்ணாடியின் எடையைத் தாங்கும், சுற்றிலும் 5.5 மி.மீ. உயர ரப்பர் துண்டுகள் ஆழத்தைக் கட்டுப்படுத்தும். கண்ணாடியைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, கண்ணாடியிலிருந்து உடலுக்கு ஓடும்படி எட்டு பத்து இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, விளிம்பில் பிளேடால் அறுத்துவிடவேண்டும். மறுபடி வைக்கும்போது டேப்பின் இரு பாதிகளும் நேராகச் சேர்ந்தால் கண்ணாடி தன் இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

பிறகு கண்ணாடியின் ஓரத்தைச் சுத்தம் செய்து, அதே நிறுவனத்தின் ஆக்டிவேட்டரையும் பிரைமரையும் தகவல் தாளில் சொன்ன நேரத்துக்கு உலரவிட்டு, முக்கோண வரியை நிற்காமல் ஒரே ஓட்டமாக ஃபிளாஞ்சில் இடவேண்டும். தொடக்கமும் முடிவும் கீழ் ஓரத்தின் நடுவில் சந்திப்பது பழக்கம். மூலையில் சேர்த்தால் ஒழுகும். வரி இட்டதும் மேலே தோல் கட்டுவதற்குள் கண்ணாடி இறங்கியாக வேண்டும். பல பசைகளுக்கு இது பத்து முதல் இருபத்தைந்து நிமிடம். ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த ஊரில் அதைவிடக் குறையும், ஏனென்றால் இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது.

சக்‌ஷன் கப் பிடித்த இருவர், பக்கத்துக்கு ஒருவராக நின்று, கீழ் ஓரத்தைக் கட்டைகளில் முதலில் உட்கார வைத்து, பிறகு மேல்பக்கத்தை மெல்லச் சாய்க்கவேண்டும். இறங்கிய கண்ணாடியைத் தூக்கி மறுபடி வைத்தால் பசை வரியில் காற்று புகும். சிறு திருத்தத்தை நகர்த்தித்தான் செய்யவேண்டும். டேப்புகளால் உடலோடு இழுத்துக் கட்டி 24 மணி நேரம் விட்டுவிடவேண்டும். அந்த நேரம் முழுதும் ஒரு கதவுக் கண்ணாடி இறக்கியே இருக்கட்டும். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று, இறுகாத பசையில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும்.

அடுத்த நாள் இடைவெளியை நிரப்பலாம். இரு பக்கமும் டேப் ஒட்டி, புறஊதாக் கதிர் தாங்கும் கறுப்புப் பசையை ஊற்றி, ஈர விரலாலோ பிளாஸ்டிக் துண்டாலோ உடல் மட்டத்துக்கு 1 மி.மீ. கீழே நிற்கும்படி இழுத்து, தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிடவேண்டும். இடைவெளியைத் திறந்தபடியே விடும் பாணியும் இருக்கிறது. புகைப்படத்தில் அது கூர்மையாகத் தெரியும். மழையில் ஓடும் காருக்கு ஏற்றதல்ல. தண்ணீரும் மண்ணும் அந்த ஓடையில் தங்கி, முன்பு பட்டைக்கு அடியில் நடந்ததே மறுபடி நடக்கும்.

பசை தோராயமாக நாளொன்றுக்கு 3 முதல் 4 மி.மீ. ஆழத்துக்கு இறுகும். 12 மி.மீ. அகல வரி நடுவரை இறுக இரண்டு நாளாவது ஆகும். தண்ணீர் சோதனைக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஓடவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்த்தால் போதும். அழுத்த நீர்ப் பம்பை ஒரு வாரத்துக்கு நெருங்கவிடக்கூடாது.

பக்கக் கண்ணாடிகள்

அசையாத பின்பக்கச் சிறு கண்ணாடிகளை இதே முறையில் பதிக்கலாம். ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி வேறு கதை. 1982-இல் வந்த ஆடி 100 காரில் பக்கக் கண்ணாடிகள் ஏறத்தாழ மட்டமாக ஓடின; அந்தக் காரின் காற்றுத் தடைக் குணகம் 0.30 ஆக இறங்கியதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் அது சாத்தியமானது கண்ணாடியில் ஒட்டிய சிறு முளைகள் கதவுச் சட்டத்தின் உட்பள்ளத்தில் ஓடும்படி கதவையே புதிதாக வடிவமைத்ததால். சட்டமில்லாத கதவுள்ள கமாரோவில் அதைப் போலச் செய்ய முயல்வது, ஒழுகும் கதவையும் காற்று விசிலையும் விலை கொடுத்து வாங்குவது. முன்பின் கண்ணாடிகளோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. முன்தூணின் பட்டை முன்பு மழைநீரைத் தடுத்து மேலே திருப்பிக்கொண்டிருந்தது; அது போனபின் ஓடும்போது பக்கக் கண்ணாடிக்கு வரும் தண்ணீர் சற்றுக் கூடும் என்பதையும் உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

சட்டமும் பராமரிப்பும்

இந்தியாவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். 2021-இல் வந்த வின்டேஜ் வாகனப் பதிவு விதிகள் 50 ஆண்டுக்கு மேற்பட்ட, தன் அசல் வடிவிலேயே பேணப்பட்ட வண்டிகளுக்கானவை. ஃபிளாஞ்சை வெட்டி உயர்த்திய காரை அசல் என்று காட்டுவது கடினம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதிப்படி முன்பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விடவேண்டும். அரிதான கார், அசல் பட்டைகளோடு முழுமையாக இருக்கும் கார் என்றால் இந்த வேலையை அதில் செய்யாமல் இருப்பதே நல்லது. ஏற்கனவே எஞ்சினும் அடிச்சட்டமும் மாறிவிட்ட காரில்தான் இது பொருந்தும்.

உடைந்த கண்ணாடியை எடுக்கும்போது வெளியிலிருந்து கத்தி போட்டால் கம்பி ஓரத்துப் பெயின்ட் போய்விடும். பின்னிய எஃகு இழையை உள்ளிருந்து பசை வழியாகச் செலுத்தி, உள்பக்கமாகவே இழுத்து அறுக்கவேண்டும். பழைய பசையை முழுதும் சுரண்டாமல் 1 முதல் 2 மி.மீ. தடிப்புக்கு ஃபிளாஞ்சில் விட்டுவைத்தால் புதிய பசை அதன்மேல் நன்றாகப் பிடிக்கும், பிரைமரும் தகடும் காயப்படாது. புதிய கண்ணாடியைப் பசைக்கு முன் ஃபைபர்கிளாஸ் அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடவேண்டும். அச்சோடு 1 மி.மீ.-க்கு மேல் மாறினால் அந்தக் கண்ணாடியைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.